தையலும் சமையலும் யாருக்கான பாடம்?

தமிழ்நாட்டில் இலவசத் தையல் இயந்திரம் யாருக்குக் கிடைக்கும் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் தையல் பீரியட் ஏன் தேய்ந்துபோனது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கும் அரசுத் திட்டம் அது. கணவனை இழந்தவர்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள், இப்படிப் போகிறது பயனாளிகள் பட்டியல். நல்ல திட்டம்தான். அந்த மிஷினை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் ஒரு நினைப்பும் சேர்ந்தே இருக்கிறது: தையல் என்பது வேறு வழியில்லாத பெண்ணின் பிழைப்பு. அப்படியானால் வசதியான வீட்டுப் பிள்ளை எதற்கு ஊசியைத் தொட வேண்டும்? பையன் எதற்குத் தொட வேண்டும்?

சமையலுக்குத் திட்டமே தேவைப்படவில்லை, வீடே பார்த்துக்கொள்கிறது. “போற இடத்துல நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க” என்ற மிரட்டல் பெண் பிள்ளைக்கு மட்டுமே உரியது. விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். மீதி 74 ஆண்கள் அன்றைக்கு ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை என்று அர்த்தம்.

கூலி என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கும் மாஸ்டர் ஆண், கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஆண், கடைத்தெரு டெய்லரும் பெரும்பாலும் ஆண். ஆக, ஆணின் கைக்கு இந்த வேலை வராது என்பதெல்லாம் சும்மா. எல்லாருக்கும் தெரிந்த முரண்தான், இதில் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடம் இதில் என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நம் பள்ளிகளில் கைவேலை மூன்று வேஷத்தில் வந்திருக்கிறது: ஒரு காலத்தில் தொழிலாக, இன்னொரு காலத்தில் பெண்ணுக்கு உரிய படிப்பாக, கடைசியில் நேரத்தை நிரப்பும் பீரியடாக. சாப்பிடுகிற, உடை உடுத்துகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்ற சாதாரண உருவத்தில் மட்டும் அது வரவே இல்லை.

முதல் வேஷம் 1937இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வி பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டக் குழு அமைந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் சொல்லிக்கொடுப்பது என்பது திட்டம். தக்ளியில் நூல் நூற்கும் பிள்ளை, நூலின் நீளத்தை அளந்து கணக்குப் படிக்கும், பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் புவியியல் படிக்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. பாடத்தில் லாபக் கணக்கு நுழைந்துவிட்டால் பிள்ளை தப்புச் செய்ய முடியாது. தப்புச் செய்ய முடியாத இடத்தில் கைவேலை படிய வழியில்லை. துணியை நாலு தடவை கோணலாக வெட்டினால்தான் ஐந்தாவது தடவை நேராக வரும். அந்த நாலு துணிக்கு யார் காசு தருவது?

அதே வேஷத்தின் அடுத்த கட்டம் தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் ஆறாத ஒரு காயம். 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றார், அந்தப் பெயரே நிலைத்தது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின, காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்.

எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கக் கற்பான், கணக்குப்பிள்ளை மகன் கணக்கெழுதக் கற்பான் என்றால் அதில் கல்வி எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் போராட்டத்துக்கு ஒரு பின்விளைவும் உண்டு. பள்ளியில் கைவேலை என்று யார் பேச்செடுத்தாலும் ‘திரும்பவும் குலக்கல்வியா?’ என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் என்று சொன்னபோதும் அதே கேள்விதான் எழுந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் ராஜாஜி திட்டம் ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வீட்டு வேலைக்கே திருப்பி அனுப்பியது என்பதை மறந்துவிடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பறையில் ஒரே பாடம் என்பது அதற்கு நேர் எதிரானது. அப்பா பேன்ட் தைப்பவரோ பேங்க் மேனேஜரோ, பிள்ளை அதே ஊசியில் அதே நூலைக் கோக்க வேண்டும். கைவேலையிலிருந்து சாதியைக் கழற்ற அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வேஷம் மனையியல். கோவையில் தி. சு. அவினாசிலிங்கம் 1957இல் பெண்களுக்காக மனையியல் கல்லூரி தொடங்கினார். ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். சத்துணவு அறிவியலில் அங்கே நடந்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் பருப்பும் கீரையும் எவ்வளவு வேண்டும் என்று யோசித்தவர்கள் அந்தப் படிப்பிலிருந்து வந்தார்கள். மேல்நிலைப் பள்ளிகளிலும் மனையியல் ஒரு பாடமாக நுழைந்தது. ஆனால் பெண்கள் பள்ளியில் மட்டும் இருக்கும் பாடமாக, ‘மார்க் குறைந்தவள் எடுக்கும் குரூப்’ என்ற பெயரோடு அது ஒதுங்கிப்போனது. இலங்கையில் மனைப்பொருளியல் இன்றும் பள்ளிப் பொதுத் தேர்வான சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கக்கூடிய பாடம்தான். விரும்பினால் எடுக்கலாம் என்கிற பாடத்தை யார் விரும்புவார்கள் என்பதை ஊர் முன்பே முடிவுசெய்துவிடுகிறது.

மூன்றாவது வேஷத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். தையல் டீச்சர். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்தவர். சின்னச் சதுரத் துணிகளில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், ஹெம்மிங், காஜா என்று ஒவ்வொன்றாகத் தைக்கச் சொல்லி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்வார். அது பெண்களுக்கு. பையன்களுக்கு அந்த நேரம் பெரும்பாலும் கிரவுண்டு. பரீட்சை நெருங்கினால் அந்த பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார், திருப்பித் தரமாட்டார். சிபிஎஸ்இ பள்ளிகளில் இதற்கு எஸ்யூபிடபிள்யூ என்று பெரிய பெயர் இருந்தது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு பரிந்துரைத்தது. சமூகத்துக்குப் பயன்படும் உற்பத்தி வேலை என்பது அதன் பொருள். ‘சம் யூஸ்ஃபுல் பீரியட்ஸ் வேஸ்டட்’ என்று பிள்ளைகள் அதற்கு விரிவு கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாததா?

தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி, தோட்டக்கலை போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பின்னால் தொகை கூடியது என்றாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்கள் பல. ஒரு பாடத்தை அரசு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்குச் சம்பளப் பட்டியலைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

சரி, வேறு எங்காவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? ஜப்பானைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அவர்களும் நம்மைப் போல இதில் தடுமாறியவர்கள்தான்.

போருக்குப் பின் 1947இல் அங்கே தொடக்கப் பள்ளியில் வீட்டியல் பாடம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக வந்தது. ஆனால் 1958இல் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது நடுநிலைப் பள்ளியில் இரண்டாகப் பிரித்தார்கள்: பையன்களுக்குத் தொழில்நுட்பம், பெண்களுக்கு வீட்டியல். 1973 முதல் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் மட்டும் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்றானது. பையன்கள் அந்த நேரத்தில் உடற்பயிற்சிக்குப் போனார்கள். கிரவுண்டு என்பது உலகப் பொதுவானது போலிருக்கிறது. 1974இல் ஆசிரியர்களும் பெண்ணுரிமையாளர்களும் சேர்ந்து இருபாலருக்கும் பொதுவாக்கக் கோரும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இச்சிகாவா ஃபுசாயேவும் அதில் முன்னின்றார். ஆனாலும் அரசு அசைந்தது வெளியிலிருந்து வந்த நெருக்கடியால்தான். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 1980இல் ஜப்பான் கையெழுத்திட்டது. அதை முழுமையாக ஏற்க வேண்டுமென்றால் பெண்ணுக்கு ஒரு பாடம், ஆணுக்கு ஒரு பாடம் என்று வைத்திருக்க முடியாது. 1985இல் ஏற்றார்கள், 1989இல் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள், 1993இல் நடுநிலையிலும் 1994இல் உயர்நிலையிலும் வீட்டியல் எல்லாருக்கும் பொதுவானது.

இன்றைக்கு அங்கே ஐந்தாம் வகுப்பில் ஆண்டுக்கு 60 பீரியட், ஆறாம் வகுப்பில் 55. இந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். சமையலில் சோறும் மிசோ (சோயா விழுது) சூப்பும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேக் இல்லை, பீட்சா இல்லை. தினமும் வீட்டில் இருக்கும் இரண்டு பண்டம். சோறாக்குவதற்குப் பல பள்ளிகளில் கண்ணாடிப் பாத்திரம் தருகிறார்கள். அரிசியைக் கழுவி, அரை மணி நேரமாவது ஊறவைத்து, அரிசியின் அளவைப்போல 1.2 மடங்கு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தால், தண்ணீர் எப்போது கொதிக்கிறது, அரிசி எப்போது துள்ளுகிறது, எப்போது தண்ணீர் மறைந்து சோற்றின் மேல் சின்னச் சின்னக் குழி விழுகிறது என்பதெல்லாம் பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரியும். தீயை எப்போது குறைப்பது என்று யாரும் சொல்லவேண்டாம். தையலில் முதல் பாடம் தைப்பதுகூட இல்லை, நூல் நுனியில் முடிச்சுப் போடுவது. விரலில் ஒரு சுற்று, உருட்டி இழுப்பு. அப்புறம் தைத்து முடித்த இடத்தில் இன்னொரு முடிச்சு. பத்து வயதுக் கைக்கு இந்த இரண்டுமே பெரும்பாடு. அதன் பிறகு பட்டன், அதன் பிறகுதான் மிஷினும் ஒரு பையும் ஏப்ரனும்.

நம் வீடுகளில் இதே விஷயம் எப்படிக் கைமாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். “உப்பு எவ்ளோம்மா?” “கண்ணளவுதான்.” “எவ்ளோ நேரம்?” “வாசனை வர்ற வரைக்கும்.” இது பொய்யில்லை. பல வருடம் கூடவே நின்று பார்த்தவர்களுக்கு இது போதும். ஆனால் பள்ளி, டியூஷன், ஹாஸ்டல் என்று போய்விட்ட பிள்ளை அடுப்படியில் நின்ற நேரம் எவ்வளவு? கண்ணளவு வருவதற்கு முன் ஒரு அளவு வேண்டும். ஒரு தம்ளர் பொன்னி அரிசிக்குக் குக்கரில் இரண்டரை முதல் மூன்று தம்ளர் தண்ணீர் என்று தொடங்கினால், பழைய அரிசி கூடத் தண்ணீர் இழுக்கும், புது அரிசி குழையும் என்பதைக் கை தானாகக் கண்டுபிடிக்கும்.

யூடியூப் இருக்கிறதே, பார்த்துக் கற்றுக்கொள்ளமாட்டார்களா என்பவர்கள் உண்டு. பார்க்கிறார்கள், கற்றும் கொள்கிறார்கள். ஆனால் வீடியோ நம் கையைப் பார்ப்பதில்லை. சட்டைப் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால் காஜாவுக்குள் போட்டவுடன் துணி சுருங்கும். பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன்மேல் நூலை ஓட்டி, பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். காட்டினால் ஒரு நிமிடம். ஆனால் பிள்ளை எங்கே இறுக்குகிறது, எங்கே விடுகிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தைத்ததைப் பிரிப்பதும் தையல்தான். வீடியோ அதைக் கத்தரித்துவிடுகிறது.

ஜப்பான் திட்டத்தால் என்ன மாறியது என்ற கேள்விக்கு ஓர் ஆய்வு விடை தேடியது. பொதுப்பாடம் வந்தபோது பள்ளியில் இருந்தவர்கள் நாற்பது வயதை ஒட்டி எப்படி வாழ்கிறார்கள் என்று 2016 நேரப் பயன்பாட்டுத் தரவை வைத்துப் பார்த்தார்கள். பெண்கள் வேலையில் நிலைத்திருப்பது கூடியிருந்தது. அவர்களுடைய கணவர்கள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் சேர்ந்தே கூடியிருந்தது. நேரடியாகப் பாடம் கேட்ட ஆண்களிடம் மாற்றம் அந்த அளவுக்கு இல்லை. அதாவது, பையனுக்குச் சோறாக்கத் தெரிந்ததைவிட, ‘இது என் தலையில் மட்டும் எழுதியது இல்லை’ என்று பெண்ணுக்குப் புரிந்தது அதிகம் வேலை செய்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் நம்பும்படி இருக்கிறது. ஜப்பானிலும் எல்லாம் சொர்க்கமாக இல்லை. உயர்நிலைப் பள்ளிகளில் பல, நுழைவுத் தேர்வு நெருக்கடியில் வீட்டியலைப் பாதி நேரத்துக்குச் சுருக்கிவிட்டன. அந்தப் பாதிக்குள்தான் குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் குடும்ப வரவு செலவும் அடங்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே தடைகள் வேறு மாதிரி. முதல் தடை தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். மதிய உணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. அதற்குப் பிறகு வகுப்பறைக்கு அருகில் அடுப்பு என்றால் எந்தத் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போடத் தயங்குவார், தயங்கவும் வேண்டும். அதனால்தான் நம் பள்ளிகளில் ‘அடுப்பில்லாச் சமையல்’ போட்டி நடக்கிறது. அவலை ஊறவைத்துத் தேங்காய் போட்டு, கேரட்டைப் பூவாக வெட்டி அடுக்கி, அம்மா காலையில் கட்டித்தந்ததைப் பிள்ளை தட்டில் வைத்துப் பரிசு வாங்கும். தட்டு அலங்காரம் வரும், சமையல் வராது. ஓர் இண்டக்ஷன் அடுப்பு, ஒரு மேசைக்கு ஆறு பிள்ளைகள், ஒரு தீயணைப்பான் என்றால் இந்தத் தடையைத் தாண்டலாம். செலவு பெரிதில்லை, பொறுப்பேற்க ஆள் வேண்டும்.

இரண்டாவது தடையைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ‘பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பாத்திரம் கழுவ வைக்கிறார்கள்’ என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள் என்பதில் சாதி புகுந்த சம்பவங்கள் நம் பள்ளிகளில் நடந்திருக்கின்றன. தலித் பெண் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்று பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திய ஊர்களும் உண்டு. ஆகவே இந்தப் பாடம் வந்தால் முதல் விதி கண்டிப்பாக இருக்க வேண்டும்: முறை வைத்து எல்லாரும், பெயர் வரிசைப்படி, விதிவிலக்கில்லாமல். பாத்திரம் கழுவுவதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். பையன்கள் சமைக்கிற உற்சாகமெல்லாம் சிங்க் அருகில் வந்தவுடன் வடிந்துபோவதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்!

எதைக் கற்பிப்பது என்பதிலும் பழைய பட்டியலை அப்படியே தூக்கிவரத் தேவையில்லை. ரெடிமேட் சட்டை இந்த விலைக்குக் கிடைக்கும்போது முழுச் சட்டையை வெட்டித் தைக்க எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அது தொழில், விரும்பியவர் கற்கட்டும். பட்டன், ஹெம்மிங், பிரிந்த தையலை ஒட்டுவது, மிஷினில் நேர்க்கோடு ஓட்டுவது போதும். சமையலில் சோறு, பருப்பு, முட்டை, ஒரு குழம்பு, ஒரு பொரியல், கேஸ் சிலிண்டரை மாற்றுவது, நூறு ரூபாய்க்கு மூன்று பேருக்குக் காய்கறி வாங்கி வருவது. கேரளம் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் போட்டது. படத்தைப் போட்டாகிவிட்டது, துருவியைக் கையில் கொடுப்பது பாக்கி.

தையலுக்குத் துணி தேடவும் வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை வருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் தைத்தவை. பொதுவான அளவில் வருவதால் ஒருவனுக்குத் தொளதொளவென்றும் இன்னொருத்திக்குப் பிடித்தும் இருக்கும், பெற்றோர் அதைத் தூக்கிக்கொண்டு டெய்லரிடம் போவார்கள். ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் பேன்ட்டின் அடிமடிப்பைத் தானே பிரித்து, தன் உயரத்துக்கு மடித்துத் தைப்பதைவிடப் பொருத்தமான முதல் பாடம் இருக்க முடியுமா? அதே சங்கத்துப் பெண்ணை மாதம் இரண்டு நாள் மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் தையல் ஆசிரியருக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்துப் பையன்களையும் அந்த வகுப்பில் உட்காரவைக்கலாம்.

மதிப்பெண் மட்டும் வைத்துவிடக் கூடாது. வைத்தால் அடுத்த வாரமே பட்டன் தைத்த துணி, ஹெம்மிங் செய்த துணி எல்லாம் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் செட்டாகத் தொங்கும், பிராஜெக்ட் சார்ட் இப்போது தொங்குவதைப் போல.